குடிக்கு வைத்த தாம்பூலம்

"தாயி, எனக்குள்ள ஒரு பய உக்காந்திருக்கான். அவனை வெட்டி எடுத்துருங்க."

பேச்சி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எந்தப் பய, அண்ணாச்சி?"

"பத்து வயசுப் பய."

"பேரு?"

"வெயிலுமுத்து."

"அது உங்க பேருல்லா."

"அதான் தாயி கொடுமை."

திருச்செந்தூருக்கு நடந்து போகிற சனங்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற மடம் அது. எழுதிவைத்த பேர் ஒன்று உண்டு, யாருக்கும் ஞாபகம் இல்லை. கஞ்சி மடம் என்றால்தான் கண்டக்டர் இறக்கிவிடுவார். பேச்சி அதைப் பார்த்துக்கொள்கிறவள். முப்பத்தைந்து வயது தாண்டாது. காவி கிடையாது, மாலை கிடையாது. நூல் சேலை, இடுப்பில் சாவி, அவ்வளவுதான். பேர்தான் பேச்சி, பேச்சு கம்மி. ஆனாலும் தலை நரைத்த ஆட்கள் வந்து அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார்கள். அப்படி என்னதான் சொல்லுகிறாள் என்று கேட்டால், "நீரும் வந்து உக்காந்து பாருமே" என்பார்கள்.

வெயிலுமுத்து அவளைவிடப் பத்து வயது மூத்தவன். வெல்டர். போன புரட்டாசியில் மடத்து வாசலில் வந்து விழுந்தான். நிஜமாகவே விழுந்தான், பக்தியில் இல்லை. கை நடுங்கின நடுக்கத்தில் கிண்ணத்துக் கஞ்சி பாதி வேட்டியில் போயிற்று. பேச்சிதான் கரண்டியால் ஊட்டிவிட்டாள். இப்போது பங்குனி. நடுவில் ஒரு சொட்டு தொடவில்லை. மடத்துப் பழைய இரும்புக் கேட்டைப் பற்றவைத்து நிமிர்த்தியவன் அவன்தான். "இந்த உசிரு உங்க கஞ்சியில ஓடுது தாயி" என்று வாய் ஓயாமல் சொல்வான். அது மட்டும் அவள் காதில் விழவே விழாது.

அன்றைக்குக் காலையில் மேலக்காட்டிலிருந்து அவன் அக்கா சந்தனமாரி போன் போட்டிருந்தாள். பொண்டாட்டி காய்ச்சலில் போன பிறகு மகள் இசக்கி அந்த அக்கா வீட்டில்தான் வளர்கிறாள். ஒன்பது வயது. அக்கா பேசினது போன் இல்லாமலே இங்கே கேட்டிருக்கும்.

"ஏல, உம் பிள்ள ஹெட்மாஸ்டர் விரலைக் கடிச்சு வச்சிட்டா. மத்த பிள்ளையளோட டிபன் பாக்ஸை எல்லாம் களவாங்குதா. கல்லெறிஞ்சு கண்ணாடிய உடைச்சிட்டா. இனிமே அனுப்பாதீங்கன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போ. வரலைன்னா காப்பகத்துல கொண்டு விட்டுருவேன். என்னால ஏலாதுல. அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கு."

மற்றதை எல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். கடைசியாகச் சொன்னதுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அந்தப் பயலாலதான் நான் குடிகாரனானேன்" என்றான் பேச்சியிடம். "இப்போ அவன் எம் பிள்ள மேல ஏறிட்டான். அவனை வச்சுக்கிட்டு நான் அவ முன்னால போய் நிக்கமாட்டேன். ஒண்ணு நீங்க அவனை எடுத்து விடுங்க. இல்லைன்னா பிள்ளைய நீங்களே வச்சு வளத்துக்கங்க. நான் எங்கயாவது போயிருதேன்."

"அந்தப் பய அப்படி என்ன செஞ்சான்?"

"என்ன செய்யல? ஹெட்மாஸ்டரைக் கடிச்சான். சோறு களவாண்டான். ஓட்டு மேல கல்லெறிஞ்சான். எங்க ஊர்ல ஒரு வீட்டுல ஏத்தமாட்டாங்க. பரமன் மகன் வாரான், செம்ப எடுத்து உள்ள வைம்பாங்க."

"அவன் வீட்டுல?"

வெயிலுமுத்து முறத்திலிருந்து சிதறின அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டான்.

"அப்பன் குடிச்சா அடிப்பான். குடிக்கலைன்னா, குடிக்க வழியில்லன்னு அடிப்பான். அம்மா அடி தாங்காம அவுக அம்மா வீட்டுக்கு ஓடிருவா. எங்களைக் கூட்டிட்டுப் போகமாட்டா. அங்கயும் சோறு கிடையாதுல்லா."

"முதல்ல குடிச்சது எப்போ?"

"அந்தப் பத்து வயசுலதான். சாராயம் வாங்க அப்பன் என்னைத்தான் அனுப்புவான். ஒருநாள் வழியில நின்னு ஒரு மடக்கு குடிச்சேன். தொண்டை தீயாட்டம் எரிஞ்சுது. அப்புறம் வயிறு வெதுவெதுன்னு ஆச்சு. வீட்டுக்கு வந்ததும் கொறஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சு அடிச்சான்."

"அடிச்சானா?"

"அடிச்சான். வலிக்கல."

முறம் நின்றது.

"சத்தியமா வலிக்கல தாயி. சிரிச்சுக்கிட்டே வாங்கினேன்."

பேச்சி அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ அது உங்களுக்கு உதவி பண்ணியிருக்கு."

வெயிலுமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. மடத்துக்கு வந்ததிலிருந்து அவளிடம் குரல் உயர்த்தினதே இல்லை. அன்றைக்கு உயர்த்தினான்.

"எதைச் சொல்லுதீங்க? குடியவா? எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்கா, நான் ஒயின்ஷாப்பு வாசல்ல கிடந்தேன். அவ போனது எனக்கு மறுநாள்தான் தெரியும். அது உதவியா?"

"அதையும் அதுதான் பண்ணிச்சு. இதையும் அதுதான் பண்ணிச்சு."

"தாயி..."

"வீட்டுல பெரியவங்க யாரும் இல்லாதப்ப வந்த விருந்தாளி, அண்ணாச்சி. துணைக்கு இருந்திருக்கு. அப்புறம் நடுவீட்டுல பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டுது. எங்க வீட்டுக்கும் அது வந்ததுண்டு, எனக்குத் தெரியும்."

அவள் தன் வீட்டைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். 

"புரட்டாசியிலயிருந்து அதைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிக்கிட்டே இருக்கீங்க. போச்சா?"

"எங்க போச்சு? சாயங்காலமானா வாசல்ல வந்து நிக்குது."

"உங்க ஊர்ல விருந்தாளிய எப்படி அனுப்புவாங்க?"

"வெத்தல பாக்கு வச்சு, வாசல் வரைக்கும் கூடப் போயி..."

"அப்போ வைங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. குளித்து, வேட்டி கட்டி, நெற்றியில் நீறு பூசி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு இரும்புக் கேட் பக்கம் வந்து நின்றான் வெயிலுமுத்து. எதிரே ரோடு காலியாகக் கிடந்தது. ஒரு ஆடு மட்டும் நின்றது.

மடத்தில் சமைக்கிற ஆவுடை அண்டாவைத் தேய்த்துக்கொண்டே பார்த்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணாச்சிக்கு யாரோ பெரிய ஆளு வந்திருக்காப்ல. எங்க கண்ணுக்குத்தான் தெரியல."

வெட்கம் பிடுங்கித் தின்றது அவனை. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தான். ஆனால் பேச்சி சொல்லிவிட்டாளே. தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு காற்றைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான்.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கையில வந்தீக. அப்போ எனக்கு யாரும் இல்ல. அப்பன் சத்தம் காதுல விழாமப் பாத்துக்கிட்டீக. அடி வலிக்காமப் பாத்துக்கிட்டீக. பசிக்காமக்கூடப் பாத்துக்கிட்டீக. நீங்க வரலைன்னா அந்தப் பய கிணத்துலதான் விழுந்திருப்பான். இல்லைங்கமாட்டேன்."

அண்டா தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது.

"ஆனா போதும். எம் பொண்டாட்டிய நான் கடைசியா ஒருதரம் பாக்கல. அதுக்கு மேல உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. மனசார நன்றி சொல்லுதேன். சந்தோசமாக் கிளம்புங்க."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. தாம்பாளத்தை இரும்புக் கேட் ஓரத்தில் வைத்தான். கை கூப்பினான். மனசு லேசாக இருந்தது. இருந்த வேகத்தில் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது.

"போயிட்டு வாங்க."

நம்ம பக்கத்தில் வாசல் தாண்டுகிற ஆளைப் பார்த்து 'போங்க' என்று யாரும் சொல்வதில்லை. ஆகாத சம்பந்திக்கே 'போயிட்டு வாங்க'தான். சாவு வீட்டுத் துட்டிக்கு வந்தவர்கள் தவிர அத்தனை பேருக்கும் அதுதான். பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்கு அதில் பழகிக் கிடக்கிறது.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. ஆவுடை அண்டாவுக்குள் தலையை விட்டுச் சிரித்தாள். அதற்குள் அந்த ஆடு வந்து வெற்றிலையை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.

"வாங்கிக்கிட்டாப்ல" என்றாள் ஆவுடை.

அவன் உள்ளே ஓடினான்.

"தாயி, கெட்டுப் போச்சு. வாங்கன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்."

"சரியாத்தான சொல்லியிருக்கீங்க."

"திரும்ப வந்துருமே."

"வரும்."

"வந்தா என்ன செய்ய?"

"வெத்தலைக்கா பஞ்சம்? திரும்ப அனுப்புங்க."

அவன் அங்கேயே நின்றான். இதற்காகவா முந்தாநாளிலிருந்து தூக்கமில்லாமல் கிடந்தோம் என்று இருந்தது. இருந்தாலும் வராமல் தடுக்க வேண்டியதில்லை, வந்தால் அனுப்பினால் போதும் என்பது அவனுக்குப் பிடித்திருந்தது.

"சரி, அது வரும் போகும். அந்தப் பய? அவனுக்கும் ஒரு தாம்பூலம் வச்சிரட்டுமா?"

"வீட்டுப் பிள்ளைக்கு யாராவது தாம்பூலம் வைப்பாங்களா?"

"பின்ன அவனை என்னதான் செய்யச் சொல்லுதீங்க?"

"மேலக்காட்டு பஸ் வாற நேரம்" என்றாள் பேச்சி. "கிளம்புங்க."

ஒரு திருநீற்றுப் பொட்டலம்கூடத் தரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அவளை மனசுக்குள் வைதுகொண்டே போனான். கொஞ்ச தூரம் வைத பிறகு, ஊட்டிவிட்ட கை ஞாபகம் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டான்.

மேலக்காட்டு பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே ஒயின்ஷாப். நாலு பேர் நின்றார்கள். அவனுக்கு அந்த வாடை போதும். கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பிள்ளை முகத்தைப் பார்க்க ஒரு தைரியத்துக்கு, கொஞ்சம்போல, என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. பழகின குரல்தான்.

பக்கத்துப் பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கினான். அங்கேயே நின்று கை கூப்பினான்.

"வாங்க. நல்லா இருக்கீகளா? இன்னிக்கு எனக்குத் துணை வேண்டாம். போயிட்டு வாங்க."

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வெயிலுமுத்து வெற்றிலையைப் பெட்டிக்கடைப் பலகையில் வைத்துவிட்டு நடையைக் கட்டினான்.  கால் இந்தத் தடவை நேரே போயிற்று.

அக்கா வீட்டு வாசலில் கூட்டம்.

சந்தனமாரி தலைவிரி கோலமாகக் கையில், பெருக்கிக்கொண்டிருந்த வாரியலோடு நின்றாள். "காலையிலயிருந்து காணோம்ல. நீ வாரன்னு சொன்னதும் ஓடிட்டா. பள்ளிக்கூடத்துல இல்ல. கோயில்ல இல்ல. சந்தைக்கு உன் மச்சான் போயிருக்காரு. கிணத்துல ஆளை இறக்கிப் பாத்தாச்சு."

கிணறு என்றதும் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அந்த மூதி வரட்டும், காலை முறிச்சு அடுப்புல வைக்கேன்" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள் அக்கா. பயத்தில்தான் கத்தினாள். "ஏளா இசக்கி, வந்தேன்னு வை, தோலை உரிச்சிருவேன்."

அந்தச் சத்தம் அவனை எங்கேயோ கொண்டு போயிற்று. இதே சத்தத்தை அவன் முன்னால் கேட்டிருக்கிறான். படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறான்.

அந்தப் பயல் ஓடிப்போன நாளெல்லாம் ஊரே சந்தைக்கும் ஸ்டேஷனுக்கும் போய்த் தேடும். அவன் அத்தனை தூரம் போனதே இல்லை. பக்கத்து வீட்டுத் தொழுவத்துப் பரணில்தான் கிடப்பான். தன் பேரை யாராவது கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பான். கூப்பிடுவார்கள். வந்தால் கொன்றுவிடுவேன் என்று கூப்பிடுவார்கள். அதனால் இறங்கமாட்டான். இந்தச் சங்கதி உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

வெயிலுமுத்து எழுந்தான்.

"அக்கா, கத்தாத."

"என்னல சொல்லுத?"

"இங்கதான் இருக்கா. கேக்கிற தூரத்துலதான் இருப்பா. நீ வாயை மூடு."

வீட்டைச் சுற்றி வந்தான். பின்னால் குளியலறைச் சுவர் ஓரத்தில் ஒரு பழைய கறுப்புத் தண்ணீர்த் தொட்டி சாய்ந்து கிடந்தது. விரிசல் விட்டது. வாய்ப்பக்கம் சுவரைப் பார்த்துக் கிடந்தது. பெரிய ஆள் யாருக்கும் அதற்குள் பார்க்கத் தோன்றாது.

அவனும் பார்க்கவில்லை. தொட்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். பேரைச் சொல்லிக் கூப்பிடவும் இல்லை.

"எனக்கும் ஹெட்மாஸ்டரைப் பிடிக்காது" என்றான் பொதுவாக.

ஒரு சுள்ளியை எடுத்து மண்ணில் கோடு கிழித்தான்.

"நானும் கடிச்சிருக்கேன்."

தொட்டிக்குள் என்னவோ அசைந்தது.

"பொய்."

 தலையைத் தொட்டிப் பக்கம் சாய்த்துக்கொண்டு சொன்னான்.

"சத்தியமா. வேணும்னா உங்க அத்தைகிட்ட கேளு."

"எங்க கடிச்ச?"

"முழங்கையில. எனக்கு ஒரு பல்லு ஆடிக்கிட்டிருந்துச்சு. அது அவர் சட்டையிலேயே மாட்டிக்கிட்டுப் போயிட்டுது."

உள்ளே ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கிற்று.

"ஏன் கடிச்ச?"

இந்தக் கேள்வியை அந்தப் பயலிடம் யாருமே கேட்டதில்லை. அடித்தவர்கள் உண்டு, கட்டிப் போட்டவர்கள் உண்டு. ஏன்டா என்று கேட்ட ஆள் இல்லை. வெயிலுமுத்து யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"எல்லாப் பிள்ளையளுக்கு முன்னால என் பையைத் தட்டிக் கொட்டினாரு. உள்ள சத்துணவுச் சோறு இருந்துச்சு. எங்க அக்காவுக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்."

வாரியலோடு பின்னாலேயே வந்து நின்ற சந்தனமாரி அதைக் கேட்டாள். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவள்தான். அதற்கு அவன் பட்ட பாடு அன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. வாரியலைச் சுவரில் சாத்திவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் பையையும் கொட்டினாரு" என்றது தொட்டி. "இட்லி இருந்துச்சு."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. நாளைக்கு."

"அத்தை சோறு போடுதாள்லா?"

"ஒருநாள் போடாட்டா?"

 நாளைக்கு என்று ஒன்று இருக்கிறதே என்கிற பயம் என்ன என்று அவனுக்குத் தெரியும். ஒன்பது வயதில் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு படுக்கிறது எப்படி இருக்கும் என்றும் தெரியும். அவள் தன்னைப் போல இருக்கிறாளே என்று பயந்து செத்தவனுக்கு, அவள் சொல்லுகிற ஒவ்வொன்றும் புரிந்தது. புரிய வேறு ஆளில்லை என்பதும் புரிந்தது.

"அப்பா."

"சொல்லு மக்கா."

"வாயை ஊது."

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தப் பயலும் அப்பன் வரும்போது வாசலில் நின்று மோந்து பார்ப்பான். மோந்த பிறகுதான் வீட்டுக்குள் போவதா, தொழுவத்துக்கு ஓடுவதா என்று முடிவு பண்ணுவான்.

வெயிலுமுத்து மண்டி போட்டான். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் தலையை நுழைத்து, இருட்டைப் பார்த்து ஊதினான். இப்படி வாடையில்லாமல் ஊதுகிற வாய் ஒன்று தனக்கு இருக்கிறதே என்று நினைத்தபோது, கஞ்சி மடத்தை நினைத்துக் கும்பிடத் தோன்றியது.

உள்ளே மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு தரம். நிதானமாக இன்னொரு தரம்.

பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தது. அழுக்கு விரல்கள், நகமெல்லாம் கடித்த விரல்கள். பிடித்த பிடியை விடவில்லை.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே உட்கார்ந்திருந்த அந்தப் பத்து வயசுப் பயலிடம், உதடு அசையாமல் சொன்னான்.

"நல்லவேளை மக்கா, நீ போகல."